கருப்பட்டி மட்டும்தான் கொடுக்கிறோம், பிறகு ஏன் மேல் பற்கள் சொத்தையாகின்றன?

ஜூன் 8, பிற்பகல் (கேள்வி, தக்கலைப் பக்கத்து வாசகர்)

என் மகனுக்கு ஒன்றரை வயது ஆகிறது. மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி முதலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. இப்போது அது பழுப்பாகி ஓரம் உதிரத் தொடங்கியிருக்கிறது. கீழ்ப்பற்களில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை வாங்குவதே கிடையாது. பாலிலும் ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடிக் கூழிலும் கருப்பட்டி மட்டும்தான் சேர்க்கிறோம். கருப்பட்டியில் இரும்பும் கால்சியமும் இருப்பதால் அது பல்லைக் கெடுக்காது என்பது என் கருத்து. விழப்போகிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று அம்மா கேட்கிறார். பரம்பரையா, தண்ணீரா, வேறு ஏதாவது காரணமா என்று தெரிந்தவர்கள் எழுதவும்.

ஜூன் 8, இரவு (கருங்கல் மருந்துக்கடை)

நான் மருந்தாளுநர், பல் மருத்துவர் அல்லள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் அருகே கடை வைத்திருக்கிறேன். பால்குப்பியும் குழந்தைகளுக்கான சிரப்பும் பற்பசையும் என் கையால்தான் விற்பனையாகின்றன என்பதால் இந்தச் சங்கதியில் எனக்கு ஓரளவு அனுபவம் உண்டு.

கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையும் அதே சுக்ரோஸ். பல்லின் மேல் படலமாக ஒட்டியிருக்கும் பாக்டீரியா, குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், அந்தச் சர்க்கரை பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. தின்று அமிலத்தை வெளியிடுகிறது. அமிலம் கூடக் கூடப் பி.எச். என்ற அளவு குறையும்; படலத்தில் அது 5.5க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் வெளிக்கவசமான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். கருப்பட்டியில் உள்ள சிறிதளவு தாதுக்கள் அதைத் தடுத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரியவர்கள் கருப்பட்டிக் காப்பி குடிப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நானும் குடிக்கிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். குழந்தை குப்பியை வாயில் வைத்தபடியே உறங்குகிறானா?

ஜூன் 9, காலை

ஆம் என்று பதில் வந்திருக்கிறது. இரவில் இரண்டு முறை எழுந்து குடிப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் மேல் முன்பற்கள் மட்டும் கெட்டு, கீழ்ப்பற்கள் தப்பியதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. குப்பியை உறிஞ்சும்போது குழந்தையின் நாக்கு முன்னால் நீண்டு கீழ் முன்பற்களை மூடிக்கொள்கிறது; நாக்கின் அடியில் திறக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அந்தப் பற்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. மேல் முன்பற்களுக்கு இந்த இரண்டு காப்பும் இல்லாததால் இனிப்பான பால் அவற்றைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடுவதால், பகலில் சிறிது நேரத்தில் கழுவப்பட்டுவிடும் அமிலம் இரவில் நெடுநேரம் பல்லோடு கிடக்கிறது. பரம்பரையோ தண்ணீரோ காரணமாக இருந்தால் மேலே நான்கு பற்களை மட்டும் தேர்ந்து கெடுக்க அவற்றுக்கு வழியில்லை.

ஜூன் 9, இரவு

தாய்ப்பாலும் இனிப்புதானே, அதுவும் பல்லைக் கெடுக்குமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லும் பலரால், பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் வீணாகக் கலங்கிப் போகிறார்கள்.

தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 சதவீதம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. பசும்பாலைவிட அது கூடுதல். ஆனாலும் முதல் ஆண்டில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குப்பியில் குடிக்கும் குழந்தைகளைவிடச் சொத்தை குறைவாகவே காணப்படுகிறது. தாய்ப்பாலைத் தனியாக வைத்துப் பார்த்தால் அது பல்லுக்குப் பெரிய எதிரி ஆகாது. நிலைமை மாறுவது, பற்கள் பல முளைத்த பிறகு, பகலில் பிஸ்கட்டும் இனிப்புக் கூழும் தின்று, பல் துலக்காமல், இரவு முழுவதும் மார்பை வாயில் வைத்தே உறங்கும்போதுதான். இரண்டு வயதுக்கு மேலும் இரவில் பலமுறை பால் குடிக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறது. அதைப் பல்லின் பெயரால் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் இல்லை. உறங்கும் முன் பல் துலக்குவதும், பகலில் சர்க்கரையைக் குறைப்பதும் போதும். "பால் குடுத்துத்தான் பிள்ளைக்குப் பல்லு போச்சு" என்று மாமியார் சொன்னதைக் கேட்டு என் கடையில் நின்று அழுத ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அந்தக் குழந்தைக்குப் பகலெல்லாம் குளுக்கோஸ் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த மாமியார்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஜூன் 11

இதுவரை நான் எழுதியதைப் படிப்பவர்கள் குப்பி ஒன்றுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக்கூடும். என் வீட்டுக் கதையே அதற்கு எதிராக இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகள் குப்பியைத் தொட்டதே இல்லை. இரண்டு வயது முடிவதற்குள் அவளுக்கு மேல் முன்பற்களும் முதல் கடைவாய்ப் பற்களும் சொத்தையாயின. இளையவன் ஒன்றேகால் வயது வரை குப்பியில் குடித்தான். அவன் பற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே அம்மா. நெடுநாள் இது எனக்குப் பிடிபடவே இல்லை.

மூத்தவள் எட்டாம் மாதத்திலேயே எடை குறைவாகப் பிறந்தவள். பால் பற்களின் எனாமல் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கி, பிறந்த பிறகு முதல் ஆண்டில் நிறைவடைகிறது. குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, ஊட்டக் குறைவு, அந்தக் காலத்தில் வரும் கடும் நோய் ஆகியவை எனாமல் சரியாகப் படியாமல் செய்துவிடும். அப்படிப்பட்ட பல் மெலிந்தும், சில இடங்களில் குழி விழுந்தும், மங்கியுமே முளைக்கிறது. அந்தக் குழிகளில் பாக்டீரியா எளிதாகத் தங்கிவிடுகிறது. பால் பல்லின் எனாமல் நிலைப் பல்லின் எனாமலில் ஏறத்தாழப் பாதிக் கனமே உடையது. அதிலும் குறை இருந்தால் சொத்தை உள்ளே இறங்க அதிக காலம் எடுத்துக்கொள்வதில்லை. இதோடு மூச்சிளைப்பும் அடிக்கடி காய்ச்சலும் இருந்ததால் அவளுக்கு மாதந்தோறும் ஏதாவது ஒரு சிரப் போய்க்கொண்டிருந்தது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பாள், மெலிந்த எனாமல், அடிக்கடி நோய், சிரப் என மூன்றும் சேர்ந்துவிட்டன.

இளையவன் நிறைமாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவன். குப்பியில் வெறும் பால்தான் போனது, அதுவும் உறங்கும் முன்னரே முடிந்துவிடும். ஆகவே குப்பி குடிக்கும் குழந்தைகளுக்கெல்லாம் சொத்தை வரும் என்றோ, குப்பி இல்லாத வீட்டில் வராது என்றோ சொல்வதற்கில்லை.

ஜூன் 12

சிரப் பற்றிப் பலர் கேட்டிருப்பதால் இது சற்று நீளும்.

குழந்தைகளுக்கான திரவ மருந்துகளில் பல, கசப்பை மறைக்கச் சர்க்கரைப் பாகில் கலக்கப்பட்டவை. பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் "சுவையூட்டிய சிரப் பேஸ்" என்று இருந்தால் அதைப் பெரும்பாலும் சர்க்கரை என்றே கொள்ளலாம். மூன்று நாள் காய்ச்சல் மருந்தால் பல் போய்விடாது. மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிய குழந்தைகள், அதாவது வலிப்பு, மூச்சிளைப்பு, இதயக் கோளாறு போன்றவை உள்ளவர்கள், தனிக் கவனத்துக்குரியவர்கள். அதிலும் கடைசி வேளை மருந்தை உறங்கும் நேரத்தில் ஊற்றிவிட்டு விளக்கை அணைப்பதே வழக்கமாக இருக்கிறது. முடிந்தால் அந்த வேளையை இரவு உணவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பிறகு பல் துலக்கலாம். முடியாவிட்டால் ஈரத்துணியால் பல்லைத் துடைத்து இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுக்கலாம். சர்க்கரை சேர்க்காத வகை சில மருந்துகளில் உண்டு. மருத்துவரிடம் கேட்டால் எழுதித் தருவார். இதைப் படித்துவிட்டு யாரும் ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்த வேண்டாம்.

இரும்புச் சொட்டு மருந்து கொடுத்துப் பல் கறுத்துவிட்டது, சொத்தையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரும்பினால் வருவது மேற்கறை. பல் உடைவதில்லை, குழி விழுவதில்லை, பல் மருத்துவர் தேய்த்தால் போய்விடும். கறைக்குப் பயந்து இரத்தச்சோகை உள்ள குழந்தைக்கு இரும்பை நிறுத்துவது வேண்டாத வேலை.

குப்பியை விற்கிற நீங்களே குப்பியைக் குறை சொல்கிறீர்களே என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். விற்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் பால்குப்பிக்கும் குழந்தைப் பால்மாவுக்கும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2003இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. என் கடைக் கண்ணாடியில் குப்பிப் படம் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் என் நல்ல மனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜூன் 12, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. அழும் குழந்தை சப்பும் ரப்பர்க் காம்பான சூப்பானைத் தேனில் தொட்டு வாயில் வைக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் போன ஊர் என்பதால் வீட்டுக்கு வீடு ஒரு குப்பித் தேன் இருக்கும். ஒரு வயதுக்குள் தேனே கூடாது. அதற்குக் காரணம் பல் அல்ல, பாட்டுலிசம் என்ற நச்சு நோயின் ஆபத்து. ஒரு வயதுக்குப் பிறகும் சூப்பானில் தொட்டுக் கொடுத்தால், பல்லுக்கு அது இடைவிடாத சர்க்கரைக் குளியல்.

ஜூன் 13

கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல்லிலிருந்து புழு விழும், தம் கண்ணால் பார்த்ததாக ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். விழுந்ததை நான் மறுக்கவில்லை. அது பல்லிலிருந்து விழுந்தது என்பதைத்தான் மறுக்கிறேன். சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாதது. ஒன்றரை வயதுக் குழந்தையின் முகத்தில் புகை காட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்; மூச்சிளைப்போடு என் கடைக்குத்தான் வருவீர்கள்.

ஜூன் 15

சொத்தைக் கிருமி பெரியவர்களின் எச்சில் வழியே குழந்தைக்குப் பரவுமா என்ற வாதம் இங்கே சூடாகிவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மியூட்டன்ஸ் பாக்டீரியா குழந்தை பிறக்கும்போது அதன் வாயில் இருப்பதில்லை. அதைப் பெரும்பாலும் தாயோ, குழந்தையை வளர்ப்பவரோதான், தம் எச்சில் வழியே கொடுக்கிறார்கள். கரண்டியை ருசி பார்த்துவிட்டு அதே கரண்டியில் ஊட்டுவது, கீழே விழுந்த சூப்பானைத் தம் வாயில் வைத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பது, மென்று ஊட்டுவது ஆகியவை அதற்கான வழிகள். 1993இல் வெளியான ஓர் ஆய்வு, 19 முதல் 31 மாதம் வரையிலான காலத்தில் இந்தத் தொற்று மிகுதியாக நிகழ்வதாகச் சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகள் பல் முளைக்கும் முன்னரே சில குழந்தைகளின் வாயில் அது இருப்பதைக் கண்டன. எவ்வளவு சீக்கிரம் தொற்றுகிறதோ அவ்வளவுக்குச் சொத்தை வாய்ப்பு கூடும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இதைப் படித்துவிட்டு, பாட்டி குழந்தையை முத்தமிடக் கூடாது என்று ஒருவர் வீட்டில் சட்டம் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். அதை நான் ஏற்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் எச்சிலை முழுதாகத் தடுக்க முடியாது. தடுக்கப் போனால் மனக்கசப்புதான் மிஞ்சும். வளர்ப்பவர் வாயில் சிகிச்சை பெறாத சொத்தைகள் இருந்தால் அங்கே பாக்டீரியாவின் எண்ணிக்கை மிகுதியாக இருக்கும். ஆகவே அம்மாவும் பாட்டியும் தம் பற்களைச் சரிசெய்துகொள்வது முத்தத்தைத் தடுப்பதைவிட மிகுந்த பயன் தரும். கர்ப்பிணிகள் பல் சிகிச்சை செய்துகொள்ளக் கூடாது என்ற எண்ணம் நம் மாவட்டத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவரிடம் கர்ப்பத்தைச் சொல்லிவிட்டுச் செய்துகொள்ளலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம்.

ஜூன் 16

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, பாக்டீரியாவுக்கு அளவுக்கு மிஞ்சிய இடம் கொடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. பாக்டீரியா எல்லார் வாயிலும் ஒருநாள் வந்து சேர்ந்துவிடும். அதற்கு எத்தனை முறை தீனி போடுகிறோம் என்பதே சொத்தையைத் தீர்மானிக்கிறது. நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பல் மேல் அமிலம் ஏறுகிறது. உமிழ்நீர் அதை மீண்டும் சமன் செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிறது. அந்த இடைவெளி கிடைத்தால் கரைந்த தாதுக்கள் ஓரளவு திரும்பப் படிந்துவிடும். ஒரு குழந்தை மதிய உணவோடு ஒரு துண்டு கருப்பட்டியை மொத்தமாகத் தின்றால் ஒரு முறை அமிலம் ஏறி இறங்கும். அதே துண்டைச் சிறு சிறு விள்ளலாகக் காலை முதல் மாலை வரை தின்றால் பல்லுக்கு இடைவேளையே கிடைக்காது. எத்தனை கிராம் என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். இதைச் சொல்வதால் அளவு பொருட்டில்லை என்று ஆகிவிடாது. இரண்டு வயதுக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரையே வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது.

இனி நம் ஊர் நாளைப் பாருங்கள். காலையில் சாயாவில் முக்கிய பிஸ்கட், அம்மா முந்திரி ஆலைக்குப் போன பிறகு பாட்டி கொடுக்கும் ரஸ்க், பத்து மணிக்கு அழுதால் ஒரு மிட்டாய், மதியம் சோறு, உறங்கும்போது கருப்பட்டிப் பால், மாலையில் மீண்டும் சாயா, அப்பா வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பொட்டலம், இரவில் குப்பி. இதில் யாரும் குழந்தைக்குக் கேடு நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒருமுறைதான் கொடுக்கிறார்கள். குழந்தையின் பல்லுக்கு மட்டும், சோற்றை விட்டுவிட்டாலும், அது ஏழு முறை. ஆலையில் நாள் முழுவதும் பருப்பு உடைத்துவிட்டு வரும் பெண்ணிடம் போய், நீ கவனிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. வறுமையும் தாயின் வேலை நேரமும் பெற்றோரின் படிப்பும் சொத்தைக்கான காரணிகளின் பட்டியலில் எப்போதும் இடம்பெறுவது, ஏழைகளுக்கு அறிவு குறைவு என்பதால் அல்ல. குழந்தையைச் சமாதானப்படுத்த அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் மலிவான பொருள் பிஸ்கட் என்பதால்தான்.

வீட்டில் உள்ளவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நாளில் எத்தனை முறை இனிப்பு போகிறது என்று எண்ணிப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அதை உணவு வேளைகளோடு ஒட்டிவிடுங்கள். இடையில் பசித்தால் அவித்த முட்டை, இட்லி, பயறு, பழம் கொடுக்கலாம்.

ஜூன் 16, மாலை

பழம் என்று எழுதியதும் நம் ஊர் வாழையான மட்டிப்பழம் பற்றிக் கேள்வி வந்துவிட்டது. மட்டியையும் ஏத்தனையும் குழந்தையிடமிருந்து பிடுங்க வேண்டாம். முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழச்சாறும் தேனும் அந்தக் கணக்கில் வந்துவிடும். ஏத்தங்காய்ப் பொடிக் கூழும் நல்ல உணவுதான்; பழத்தை மசித்துச் சேர்த்தால் அதற்குக் கருப்பட்டியே தேவைப்படாது. ஏத்தங்காய் சிப்ஸும், ஓணத்துக்கு வெல்லப்பாகு பூசிச் செய்யும் சர்க்கரைவரட்டியும் வேறு வகை. அவை கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் கிடக்கும். இவ்வளவு சிறிய குழந்தைக்கு அது தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

ஜூன் 18

சொத்தையைத் தடுக்கப் பற்பசையில் சேர்க்கப்படும் ஃப்ளோரைடு நஞ்சு, குழந்தைக்கு அந்தப் பற்பசையே கூடாது என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தர்மபுரியில் பற்கள் பழுத்துப்போன குழந்தைகளைக் காட்டும் படமும் போட்டிருக்கிறார். தர்மபுரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பதும் அங்கே பற்களில் கறை படிவதும் உண்மை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. அந்த நீரைக் குடித்தே வளர்வதும், பல்லில் ஓர் அரிசிமணி அளவு பற்பசை தடவுவதும் ஒன்றாகிவிடாது.

கணக்கைப் பாருங்கள். அரிசிமணி அளவுப் பற்பசை ஏறத்தாழ 0.1 கிராம் இருக்கும். 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு ஃப்ளோரைடு) பற்பசையில் அந்த அளவுக்குள் இருப்பது 0.1 மில்லிகிராம் ஃப்ளோரைடு. குழந்தை அதை முழுவதும் விழுங்கினாலும் அச்சப்பட ஒன்றுமில்லை. மூன்று வயது வரை அரிசிமணி, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி, அதுவும் பெரியவர் கையால் தடவ வேண்டும். முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்தே காலையும் இரவும் துலக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவை விடாதீர்கள். துலக்கிய பின் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் நுரையைத் துடைத்துவிட்டால் போதும்.

கடையில் நான் கண்ட வேடிக்கை ஒன்று. கார்ட்டூன் படம் போட்ட குழந்தைப் பற்பசை வாங்குகிறவர்கள் அதன் பின்பக்கத்தைத் திருப்புவதே இல்லை. சிலவற்றில் ஃப்ளோரைடே கிடையாது. சிலவற்றில் 500க்கும் குறைவு. பின்பக்கத்தில் 1000 பிபிஎம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். உமிக்கரி, உப்பு, செங்கல்தூள் ஆகியவை பால் பல்லின் மெல்லிய எனாமலைத் தேய்க்கும், வேறொரு நன்மையும் செய்யா. "எங்க காலத்துல பிரஷும் பேஸ்ட்டும் எங்க மக்ளே இருந்து?" என்று என்னிடம் கேட்ட ஒரு பாட்டிக்கு, உங்கள் காலத்தில் பொட்டலம் போட்ட பிஸ்கட்டும் இல்லையே என்றேன். அவர் சிரித்துவிட்டு, பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஜூன் 20

தக்கலை நண்பரின் அம்மா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. விழப்போகிற பல்தான், ஆனால் எப்போது விழும்? முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். பின்னால் உள்ள கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. இரண்டு வயதில் கெட்ட கடைவாய்ப் பல்லோடு ஒரு குழந்தை எட்டு, ஒன்பது ஆண்டுகள் மென்று தின்ன வேண்டும். சொத்தை உள்ளே இறங்கிச் சீழ் கட்டினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப் பல்லின் எனாமலும் பாதிக்கப்படலாம். பல்லை முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும். பின்னர் பல் கோணலாக முளைக்கும். என் மூத்த மகள் இரவில் அழுததையும், ஒரு பக்கமாகவே மென்றதையும், அந்த ஆண்டு எடை ஏறாமல் நின்றதையும் பார்த்தவள் என்பதால் விழப்போகிற பல் என்ற பேச்சு எனக்குக் கோபம் வரவழைக்கிறது. பால் பல்லில் சொத்தை வந்த குழந்தைக்கு நிலைப் பல்லிலும் வரும் வாய்ப்பு கூடுதல்.

ஜூன் 22

எப்படிப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு: குழந்தையின் மேல் உதட்டைக் கட்டைவிரலால் உயர்த்தி, வெளிச்சத்தில் ஈறோரத்தைப் பாருங்கள். பல்லைத் துணியால் துடைத்து உலர்த்திய பிறகும் மங்கிய வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது பால் படிவு அல்ல, சொத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் அதைத் திருப்பிவிட முடியும். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு முடியாது. தடுப்பூசிக்குப் போகும் நாளிலும் அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளிலும் இதைச் செய்துகொள்ளலாம். பல் மருத்துவரிடம் முதல் முறை போவதற்கு ஏற்ற காலம் முதல் பிறந்தநாளுக்குள். வலி வந்த பிறகு முதல் முறையாகக் கூட்டிப் போனால் குழந்தைக்கு அந்த நாற்காலி என்றைக்கும் பயம்தான். தனிக் கிளினிக் கட்டணத்துக்கு அஞ்சுபவர்களுக்குக் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஜூன் 27

தக்கலை நண்பர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பல்லின் மேல் பூசும் ஃப்ளோரைடுப் பூச்சான வார்னிஷ் தடவியிருக்கிறார்கள். குழி விழுந்த இரண்டு பற்களில் வெள்ளி கலந்த ஃப்ளோரைடுத் திரவம் வைக்கலாம் என்றும், வைத்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்றும் சொன்னார்களாம். கறுப்புப் பல்லோடு பிள்ளை சிரித்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவர் மனைவி தயங்குகிறாராம்.

தயக்கம் நியாயமானது. ஆனால் அந்தத் திரவத்துக்கு ஊசியும் துளையிடுதலும் தேவையில்லை. ஒரு நிமிடத்தில் தடவிவிடலாம். பெரும்பாலான பற்களில் சொத்தை அதோடு நின்றுவிடும். இதே பற்களை முழுதாகச் சரிசெய்ய வேண்டுமென்றால், இந்த வயதில் சில குழந்தைகளுக்கு மயக்க மருந்து வரை போக வேண்டியிருக்கும். முன்பல் என்பதால் முடிவு பெற்றோருடையது. என் மகளுக்கு இந்த வாய்ப்பு அன்று கிடைத்திருந்தால் கறுப்பைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

இரவுக் குப்பியை ஒரேயடியாக நிறுத்த முடியவில்லை என்கிறார். முதலில் கருப்பட்டியை நிறுத்துங்கள். பிறகு சில இரவுகளுக்கு ஒருமுறை பாலில் தண்ணீரின் பங்கைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீராக்குங்கள். வெறும் தண்ணீருக்காக எழுந்திருக்கக் குழந்தைகள் அதிக நாள் ஆர்வம் காட்டுவதில்லை. பகல் பாலை இப்போதே டம்ளருக்கு மாற்றிவிடலாம். பாட்டி வீட்டில் உறங்கும் நாள்களிலும் இதே ஏற்பாடு இருக்க வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க நேரும்.

மகனுக்கு இப்போது பதினெட்டு மாதம். பின்கடைவாய்ப் பற்கள் 23ஆம் மாதத்துக்குப் பிறகுதான் முளைக்கத் தொடங்கும். பத்து வயதைத் தாண்டியும் வேலை செய்ய வேண்டியவை அவை. முளைக்கும்போதே அவற்றின் பள்ளங்களைக் காப்பது பற்றியும், வார்னிஷ் மூன்று மாதத்துக்கு ஒருமுறையா ஆறு மாதத்துக்கு ஒருமுறையா என்றும் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.